மொட்டைமாடி வானிலை

பயணக் கட்டுரை எழுதச் சொன்னால் எல்லோரும் சிங்கப்பூர், ஸ்விட்ஸர்லாந்து என்று கிளம்பிவிடுகிறார்கள். நம் பயணம் சிக்கனமானது. மடிப்பாக்கத்தில் எங்கள் ஃப்ளாட்டின் தரைத்தளத்தில் கிளம்பி, 54 படி ஏறினால் மொட்டைமாடி. அங்கிருந்து இறங்கி, தெருமுனை மழைநீர்க் கால்வாய் வரை ஒரு நடை. மொத்தம் அரை கிலோமீட்டர் தேறும். விசா வேண்டாம், குடை வேண்டும். பயண காலம்: ஐப்பசி பிறந்ததிலிருந்து மார்கழி பாதி வரை.

மற்ற தேசங்களில் இந்த மாசங்களை இலையுதிர் காலம் என்கிறார்கள். மரமெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக மாறி, காலண்டர் படத்துக்கு போஸ் கொடுக்கும். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இங்கே உதிர்வது விளம்பரப் பலகையும் தெருவிளக்கும்தான். காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். நம்பி வேட்டியைக் காயப்போட்டால் பத்தரைக்குக் கொட்டும். எடுக்க ஓடினால் நின்றுவிடும். தமிழ்நாட்டுக்கு வருஷம் பூரா கிடைக்கிற மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்த வடகிழக்குப் பருவமழையில்தான் வந்தாக வேண்டும். வராவிட்டால் சித்திரையில் குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓட வேண்டும். வந்தால் கட்டிலைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓட வேண்டும். ஓட்டம் நிச்சயம்.

முதல் நிறுத்தம், ஹால். டி.வி. முன்னால் அப்பா. பக்கத்தில் மோர். ரிமோட் அவர் கையில்.

"தெற்கு வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி" என்று முதல் செய்தி வந்ததும் எங்கள் வீட்டில் சீஸன் ஆரம்பம். ஆபீஸ் போகிறவர்களுக்கு இந்த விஷயத்தைப் புரியவைப்பது சுலபம், ஏனென்றால் இது பிரமோஷன் லிஸ்ட்தான். தாழ்வுப் பகுதி என்பது டெம்ப்ரரி ஸ்டாஃப். சுழலும் காற்று மணிக்கு 31 கி.மீ. தொட்டால் 'தாழ்வு மண்டலம்', அதாவது வேலை பர்மனென்ட். 50 தொட்டால் 'ஆழ்ந்த' என்று முன்னால் ஒரு அடைமொழி. 62-ல் 'புயல்', அன்றைக்குத்தான் பெயர்ப்பலகை மாட்டுவார்கள். 89-ல் தீவிரம், 118-ல் அதிதீவிரம். நம் ஆபீஸ் மாதிரியே இங்கேயும் சிலது கடைசி வரை தாழ்வுப் பகுதியாகவே இருந்து கரைந்துபோகும். சிலது திடீரென்று ஒரே ராத்திரியில் இரண்டு படி ஏறும்.

பெயர் வைக்கிற வழக்கம் நம் கடல்களில் 2004-ல் தொடங்கியது. முதலில் 8 நாடுகள் பட்டியல் கொடுத்தன. 2020-ல் வந்த புதுப் பட்டியலில் 13 நாடுகள், நாட்டுக்கு 13 வீதம் 169 பெயர்கள். கஜா இலங்கை கொடுத்தது, வர்தா பாகிஸ்தான், நிவர் ஈரான். பாகிஸ்தான் வைத்த பெயரோடு மீனம்பாக்கம் வரை பாஸ்போர்ட் இல்லாமல் வந்துபோனது வர்தா ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் கூண்டு. "சென்னைத் துறைமுகத்தில் 1-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு" என்று படிக்கும்போதெல்லாம், சின்ன வயசில் அந்தக் கூண்டுக்குள் யாரை வைத்திருக்கிறார்கள் என்று யோசித்திருக்கிறேன். உள்ளே யாரும் இல்லை. பகலில் கம்பத்தில் கூம்பும் உருளையும் ஏற்றுவார்கள். ராத்திரியில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். கப்பல்காரர்களுக்குச் சொல்கிற பாஷை அது. மொத்தம் 11 எண்கள். 10 என்றால் பேராபத்து. 11 என்றால் அதைவிடப் பெரிய ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. வானிலை அலுவலகத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். மாசக் கடைசியில் எனக்கும் என் பாங்குக்கும் உள்ள நிலை.

டி.வி.யில் எல்லா சேனலும் கேட்பது ஒரே கேள்வி: "புயல் எங்கே கரையைக் கடக்கும்?" வரைபடத்தில் ஒரு கோடு, கோட்டின் நுனியில் ஒரு ஊர். அந்த ஊர்க்காரர்கள் முகம் வெளுக்கும். மற்ற ஊர்க்காரர்கள் "அப்பாடா" என்று பஜ்ஜி போடப் போவார்கள்.

பத்துப் பன்னிரண்டு வருஷமாகத் தரைத்தளத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்தக் கேள்வியால் எங்கள் வீட்டுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

கணக்கைப் பாருங்கள். (நான் பி.காம். கணக்குப் பார்க்காமல் தூக்கம் வராது.) 2015 டிசம்பர் 1-ம் தேதி தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. கொட்டியது. சென்னையே முழுகியது. அன்றைக்குப் புயலே கிடையாது. பெயர் வாங்கும் தகுதிகூட இல்லாத டெம்ப்ரரி ஸ்டாஃப் செய்த வேலை அது. 2016 டிசம்பர் 12, வர்தா நேராக சென்னை மேலேயே வந்து ஏறியது. ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. ஆனால் எங்கள் தெருவில் தண்ணீர் கணுக்காலைத் தாண்டவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் கரையைக் கடந்தது ஆந்திராவில் பாபட்லா பக்கம். இங்கிருந்து ரயிலில் போனால் ஒரு ராத்திரிப் பொழுது போகும். முழுகியது யார்? நாங்கள்.

ஏன் இப்படி? புயலுக்கு இரண்டு வேகம் உண்டு. ஒன்று, தன்னைத்தானே சுற்றுகிற வேகம். மேலே சொன்ன பிரமோஷனெல்லாம் அதை வைத்துத்தான். இன்னொன்று, அது நடந்துபோகிற வேகம். செய்தியில் இதைக் கடைசி வரியில் முணுமுணுத்துவிட்டு விளம்பரத்துக்குப் போய்விடுவார்கள். மழையில் முழுகுவதற்கு இந்த இரண்டாவது வேகம்தான் முக்கியம். விறுவிறுவென்று நடக்கிற புயல் மரத்தைச் சாய்த்துவிட்டுப் போய்விடும். கடையில் வேடிக்கை பார்க்கிறவன் மாதிரி நின்று நிதானமாகப் போகிற புயல்தான் ஒரே இடத்தில் குடம் குடமாகக் கவிழ்க்கும்.

இனி மாடி ஏறலாம்.

எங்கள் மாடியில் துணி காயப்போடும் கயிறு வடக்கு தெற்காக ஓடுகிறது. அதில் தொங்கும் அப்பாவின் எட்டு முழ வேட்டிதான் எங்கள் காற்றுமானி. அதைப் படிக்க ஒரு விதி இருக்கிறது. 1857-ல் பைஸ் பாலட் என்ற டச்சுக்காரர் சொன்னது. பூமத்திய ரேகைக்கு வடக்கே இருக்கிறவர்கள் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், தாழ்வழுத்தம் இடதுகைப் பக்கம் இருக்கும், கொஞ்சம் முன்னால் தள்ளி. நம் பாதி உலகத்தில் புயல் இடஞ்சுழியாகச் சுற்றுவதால் வருகிற விஷயம். அவ்வளவுதான், படிப்பு முடிந்தது. காற்று வடக்கேயிருந்து அடித்தால் புயல் கிழக்கே, கடலில். காற்று கிழக்கேயிருந்து வந்தால் அது தெற்கே, கடலூர் நாகப்பட்டினம் பக்கம். காற்று மேற்கிலிருந்து வந்தால் அது நமக்கு வடக்கே போய்விட்டது. அடுக்குமாடிகளுக்கு நடுவே காற்று முட்டி மோதித் திரும்பும், அதனால் தெருவில் நின்று பார்த்தால் ஏமாற்றும். தண்ணீர்த் தொட்டி உயரத்தில் பார்க்க வேண்டும். இடி மின்னல் இருந்தால் பார்க்கவே கூடாது. வேட்டியைவிட உயிர் முக்கியம்.

வர்தா அன்று திங்கட்கிழமை. காலையில் வேட்டி தெற்கே பார்த்துப் படபடத்தது. மத்தியானம் தென்கிழக்கு. சாயங்காலம் கிழக்கே பார்த்தது. அப்புறம் வேட்டியே இல்லை. ரெண்டு தெரு தள்ளி ஒரு முருங்கை மரத்தில் கண்டெடுத்தோம். காற்று அப்படிச் சுற்றிச் சுற்றித் திரும்பினால், புயல் நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ராத்திரிக்குள் எல்லாம் ஓய்ந்தது. கரண்ட் மட்டும் பல நாள் வரவில்லை. அது பழைய 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாமல் போன அடுத்த மாசம் வேறு. கையில் காசு இல்லை, கார்டு தேய்க்கக் கரண்ட் இல்லை.

அப்பா அன்றைக்குக் கீழே உட்கார்ந்து 1977 நவம்பரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். நாகப்பட்டினத்தில் இறங்கிய புயல் அது. அவர் அப்போது அங்கே வேலையில் இருந்தார். "நடுவுல காத்து நிக்கும்டா. நட்சத்திரம்கூடத் தெரியும். முடிஞ்சிடுச்சுன்னு வெளிய வந்தவனைத்தான் எதிர்ப்பக்கக் காத்து அடிச்சுது." புயலின் கண் என்று புத்தகத்தில் படம் போட்டு விளக்குவதை அவர் ரெண்டு வரியில் முடித்துவிட்டார். அந்தக் காலத்தில் அவர்களுக்கு இருந்தது ரேடியோ மட்டும். இப்போது சாட்டிலைட் இருக்கிறது, ரேடார் இருக்கிறது, நாலு நாள் முன்னாலேயே கோடு போட்டுக் காட்டுகிறார்கள். அந்தக் கோட்டை நாம் எத்தனை கிண்டல் பண்ணினாலும், கடலோரத்தில் ஆட்களை முன்கூட்டியே வெளியேற்ற முடிவது அதனால்தான். எஸ்.ஆர். ரமணன் டி.வி.யில் வந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாமியைப் பார்த்த மாதிரி கும்பிட்டார்களே, அது லீவுக்காக. பெரியவர்கள் கும்பிட வேறு காரணம் இருந்தது.

மாடியில் இன்னொரு கருவியும் உண்டு. நேரான பக்கங்கள் உள்ள ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பா, பக்கத்தில் என் பையனின் ஸ்கேல். காலை எட்டரைக்கு அளவு பார்ப்பேன். வானிலைத் துறைக்கும் நாள் என்பது காலை எட்டரை முதல் எட்டரை வரைதான். உலக நேரக் கணக்கில் அது சரியாக 3 மணி. 1 செ.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் 10 லிட்டர். எங்கள் மொட்டைமாடி சுமார் 1000 சதுர அடி, அதாவது 93 சதுர மீட்டர். 10 செ.மீ. பெய்தால் 9,300 லிட்டர். ஒரு பெரிய தண்ணீர் லாரி! மே மாசத்தில் காசு கொடுத்து, கெஞ்சி, டிரைவருக்கு டீ வாங்கிக்கொடுத்து வரவழைக்கிற லாரி, இங்கே ஓசியில் வந்து தலையில் கவிழ்கிறது. இதைச் சொன்னால் என் மனைவி, "அப்ப அந்தக் குழாயைத் தொட்டியில விட ஆள் கூப்பிடுங்க, சும்மா ஸ்கேல் வெச்சு அளந்துக்கிட்டே இருக்காதீங்க" என்பாள். ஆள் வந்து விட்டுவிட்டான், அது வேறு கதை.

நுங்கம்பாக்கத்தில் 5 செ.மீ., மீனம்பாக்கத்தில் 9 செ.மீ. என்று செய்தியில் வரும்போது என் டப்பாவில் 12 இருக்கும். யார் சொல்வதும் பொய் இல்லை. ஒரே மேகம் ஒரு பேட்டையை நனைத்து அடுத்த பேட்டையைக் காயவிடும். தெருவாரியாக மழையை முன்கூட்டிச் சொல்ல எந்த நாட்டிலும் ஆள் கிடையாது. 2021 டிசம்பர் 30 மத்தியானம் சென்னையில் வெளுத்து வாங்கியதே, அதை யாருமே எதிர்பார்க்கவில்லை. ஆபீஸிலிருந்து வீடு வர நான் கண்ட பல பேருக்கு நடுராத்திரி ஆனது. கார்த்திகைக்கு மேல் மழையும் இல்லை, கர்ணனுக்கு மேல் கொடையும் இல்லை என்பார்கள். அன்றைக்கு மார்கழி 15. தானே புயல் கடலூரைப் புரட்டிப்போட்டதும் 2011-ல் இதே டிசம்பர் 30. கர்ணன் சமாசாரத்தையும் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

மூன்றாவது நிறுத்தம், தெருமுனை. நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது; தண்ணீரைப் பார்த்தால் தெரியும். எங்கள் தெருத் தண்ணீர் கால்வாயில் விழுந்து, கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போக வேண்டும். தென்சென்னையின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகள் வழிந்து சேருகிற தொட்டி அது. 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்த்து உலகப் பெருமை வாங்கிக்கொடுத்தார்கள். அதற்குள் தொட்டியில் பாதிக்கு மேல் கட்டடங்களும் குப்பைமேடும் ரோடும் உட்கார்ந்துவிட்டன. மிச்சத் தொட்டிக்கு வெளியேறும் வாய் ஒக்கியம் மடுவு. அங்கிருந்து பக்கிங்ஹாம் கால்வாய், அங்கிருந்து முட்டுக்காடு, அப்புறம் கடல். புயல் நேரத்தில் கடலே பொங்கி நிற்கும்போது அது தண்ணீரை வாங்காது. கால்வாய்த் தண்ணீர் ஓடாமல் நின்றால் கீழே எல்லாம் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். பின்னோக்கி வர ஆரம்பித்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

2023 டிசம்பர் 3, ஞாயிறு. மிக்ஜாம். டி.வி.யில் கோடு ஆந்திராவைத் தொட்டது. மாடி வீட்டு ஸார் தெம்பாக இருந்தார். "ஆந்திரா ஸார், நமக்கு வெறும் தூறல்தான்."

அப்பாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. தரைத்தளத்தில் குடியிருப்பதே அதற்காகத்தான். மழை என்று வந்தால் எங்கள் வீட்டின் முழுக் கேள்வியும் ஒன்றே ஒன்று: அப்பாவை எப்போது மேலே ஏற்றுவது? வெளிச்சம் இருக்கும்போது ஏற்றினால் நாலு பேர், ஒரு நாற்காலி, பத்து நிமிஷம். நடுராத்திரி இருட்டில், இடுப்பளவு தண்ணீரில், மீட்டர் பெட்டி பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏற்றுவதை நினைத்துப் பார்க்கவே முடியாது. ஏற்றி, ஒன்றும் நடக்கவில்லை என்றால் அவருக்குக் கோபம் வரும். "மனுஷனா மூட்டையா?" என்பார். கேட்பதும் நியாயம்தான்.

மத்தியானத்திலிருந்து மூன்று தரம் மாடிக்குப் போய்வந்தேன். வேட்டிக்குப் பதில் ஒரு பழைய துண்டு. காலையில் வடகிழக்குக் காற்று, அப்புறம் வடக்கு. அதோடு சரி, அசையவில்லை. செய்தியின் கடைசி வரியில் நடைவேகம், கிட்டத்தட்ட சைக்கிள் வேகம். டப்பாவில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. தெருமுனையில் கால்வாய்த் தண்ணீரில் ஒரு தேங்காய் மட்டை மிதந்தது. அஞ்சு நிமிஷம் நின்று பார்த்தேன். மட்டை நகரவில்லை.

கீழே வந்தேன். "என்னடா, காத்து திரும்பிச்சா?"

"இல்லப்பா."

அப்பா கொஞ்ச நேரம் டி.வி.யைப் பார்த்தார். அதில் இன்னும் பாபட்லாவைத்தான் காட்டிக்கொண்டிருந்தார்கள். "சரி, நாற்காலியைக் கொண்டாங்க" என்றார்.

சாயங்காலம் நாலரைக்கு முதல் மாடிக்கு ஏற்றினோம். மாத்திரை, போர்வை, ரேடியோ, முறுக்கு டின். மாடி வீட்டு ஸாரே ஒரு கால் பிடித்தார். ராத்திரி கரண்ட் போனது. விடிவதற்குள் எங்கள் ஹாலில் முழங்கால் வரை தண்ணீர். திங்கள் மத்தியானம் டி.வி. ஸ்டாண்டு முழுகியது. நகரத்தின் பல பகுதிகளில் அந்த இரண்டு நாளில் 40 செ.மீ.க்கு மேல் பெய்திருந்தது. புயல் எங்கள் ஊரைத் தொடவே இல்லை. கடலில் கிட்டத்தட்ட 100 கி.மீ. தள்ளி நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. தண்ணீர் வடிய மூன்று நாள். பால் பாக்கெட்டை தங்க விலைக்கு விற்றார்கள். எங்கள் ஃபிரிட்ஜ் ஹாலில் மல்லாந்து மிதந்ததைப் பார்த்த அப்பா, "இதுக்கு இன்னும் எத்தனை தவணை பாக்கி?" என்று கேட்டார். நாலு.

அடுத்த வருஷம் 2024 அக்டோபரில் சிவப்பு எச்சரிக்கை வந்தபோது வேளச்சேரி மேம்பாலத்தில் காரெல்லாம் வரிசையாக ஏறி நின்றதே, ஞாபகம் இருக்கிறதா? அதில் ஒன்று எங்கள் மாடி வீட்டு ஸாருடையது. 15-ம் தேதி நன்றாகப் பெய்தது. 16-ம் தேதிதான் உச்சம் என்றார்கள். அன்றைக்கு எங்கள் தெருவில் துணி காய்ந்தது. 17-ம் தேதி அதிகாலை தாழ்வு மண்டலம் சென்னைக்கு வடக்கே, பக்கத்திலேயே, கரையைக் கடந்தது. சாதுவாகப் போய்விட்டது. ஸார் கொதித்துவிட்டார். "ரெண்டு நாள் பாலத்துல காரை விட்டேன், ஸார். ஊரே சிரிக்குது."

நான் சிரிக்கவில்லை. ரெண்டு நாள் கார் பாலத்தில் நின்றால் செலவு என்ன? ஆட்டோ சார்ஜ். நிற்காமல் முழுகியிருந்தால் இன்ஜின். இன்ஷூரன்ஸ் பிரீமியம் கட்டிவிட்டு, "இந்த வருஷம் சாகவே இல்லையே, பணம் வேஸ்ட்" என்று யாராவது சண்டை போடுவார்களா? ஸாரிடம் இதைச் சொன்னேன். அவர் என்னை முறைத்துவிட்டு, அந்த நவம்பர் கடைசியில் முதல் ஆளாகப் போய்ப் பாலத்தில் இடம் பிடித்தார்.

அந்த நவம்பரில் வந்தது ஃபெங்கல். பிரமோஷனில் இப்படி இழுபறி பண்ணிய ஆசாமியை நான் பார்த்ததில்லை. புயலாகும் என்றார்கள், ஆகாது, ஆழ்ந்த தாழ்வாகவே வரும் என்றார்கள், 29-ம் தேதி மத்தியானம் ஆகிவிட்டது என்றார்கள். 30-ம் தேதி சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள். அப்பாவை மதியமே மேலே ஏற்றிவிட்டோம். இந்தத் தடவை மூட்டை என்று சொல்லவில்லை. முறுக்கு டின் எங்கே என்று மட்டும் கேட்டார். ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. கடந்தபின் நகராமல் அங்கேயே மணிக்கணக்கில் நின்றது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 50 செ.மீ.க்கு மேல் மழை. மறுநாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவில் 7 பேர் போய்ச் சேர்ந்தார்கள். எங்கள் தெருவில் வாசல்படியோடு தண்ணீர் திரும்பியது. டி.வி. வேறு செய்திக்குப் போய்விட்டது.

டிசம்பர் 2 காலையில் மனைவியின் சித்தப்பா ஊத்தங்கரையிலிருந்து போன் பண்ணினார். கடலிலிருந்து எத்தனையோ தூரம் உள்ளே தள்ளி, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிற ஊர். அன்றைக்கு எட்டரை மணிக் கணக்கில் அங்கே 50 செ.மீ. பதிவாகியிருந்தது. ரோட்டில் நின்ற வேன்களை வெள்ளம் உருட்டிக்கொண்டு போனதாம். வீட்டுக்குள் ஆள் உயரத் தண்ணீர். பக்கத்து வீட்டு மாடியில் குழந்தைகளோடு நின்றுகொண்டு பேசினார். குரலில் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது.

"மாப்ளே, ஒண்ணு கேக்கணும். புயல்தான் முந்தாநாளே கரையைக் கடந்துடுச்சுன்னு டி.வி.ல சொன்னாங்களே?"